இரண்டாவது கிண்ணம்

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வந்துவிடும்: "கணக்கு, தமிழ், இங்கிலீஷ் எல்லாம் சமாளிச்சிடலாம். சயின்ஸ் லேபுக்கு என்ன பண்றீங்க?" அனுபவசாலிகள் சமையலறைப் பக்கம் கைகாட்டுவார்கள். கையோடு போனில் ஒரு படமும் வரும். பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஜெல்லி, நடுவில் உட்கருவாக ஒரு குலாப் ஜாமூன், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில் கலர் மிட்டாய்கள். சாப்பிடக்கூடிய உயிரணு (செல்) மாடல்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மத்தியானம் முழுக்கச் செய்த அந்த வேலையில் பிள்ளை கற்றுக்கொண்டது ஏழெட்டுப் பெயர்கள். அதை ஒரு தாளில் வரைந்தே கற்றுக்கொண்டிருக்கலாம். அங்கே ஜெல்லிக்கு ஒரு வேலையும் இல்லை. குலாப் ஜாமூனை எடுத்துவிட்டுத் திராட்சை வைத்தாலும் முடிவு மாறப்போவதில்லை, ஏனென்றால் முடிவு என்று ஒன்றே அதில் கிடையாது. பிறந்தநாளுக்குச் செய்து சாப்பிடுங்கள். அறிவியல் வகுப்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் எதைச் சேர்ப்பது? எனக்கு இதில் ஒரே ஒரு அளவுகோல்தான். ராத்திரி பாலை ஆறவைத்து உறை ஊற்றினால் அது சமையல். அதே பாலில் இன்னொரு கிண்ணம் எடுத்து, உறை ஊற்றாமல் பக்கத்திலேயே வைத்தால் அது சோதனை. காலையில் முதல் கிண்ணம் மட்டும் இருந்தால் "தயிர் ஆயிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு கிண்ணமும் இருந்தால்தான் "எதனால் ஆச்சு?" என்று கேட்கவே முடியும். சாப்பிடக்கூடிய அறிவியல் என்று இணையத்தில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டாவது கிண்ணம் இல்லை. ஒரு கிண்ணத்தைக் கூடுதலாக வைத்துவிட்டால் நம் வீட்டு அன்றாடச் சமையலே போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

இதற்குப் பரீட்சைக் காரணமும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றியது. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இப்படி வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பை என்.ஐ.ஓ.எஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ, கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ என்ற பன்னாட்டுத் தேர்வு வழியாகத் தனித்தேர்வராகவோ எழுதுகிறார்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ அறிவியல் பாடங்களில், ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு எழுத வழியில்லாதவர்களுக்காக அதற்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் இருக்கிறது. எதை மாற்றினாய், எதையெல்லாம் மாறாமல் பார்த்துக்கொண்டாய், எதை அளந்தாய், மறுபடி செய்து பார்த்தாயா என்பதுதான் அந்தத் தாளின் உயிர்நாடி. பத்து வயதிலேயே இட்லி மாவை வைத்து இதையெல்லாம் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் புதிதாக இருக்காது.

தயிரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரே பாலில் நான்கு கிண்ணம். முதலாவதில் வெதுவெதுப்பான பால், ஒரு ஸ்பூன் உறை. இரண்டாவதில் பால் மட்டும். மூன்றாவதில் உறை ஊற்றி நேரே ஃபிரிட்ஜில். நான்காவதுதான் முக்கியம்: உறைமோரைக் கொஞ்சம் பாலில் கலந்து, நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு அதை உறையாக ஊற்ற வேண்டும். காலையில் முதல் கிண்ணம் கட்டித் தயிராக நிற்கும். ஃபிரிட்ஜில் இருப்பது பாலாகவே இருக்கும். கொதித்த உறை ஊற்றியதும் முதல் கிண்ணத்தைப் போல உறைந்திருக்காது. இரண்டுக்கும் ஊற்றியது ஒரே உறைதான், ஒன்று வேலை செய்தது, மற்றொன்று செய்யவில்லை. உறையில் இருந்த ஏதோ ஒன்று சூட்டில் செத்துப்போயிருக்கிறது என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வந்துவிடும். பாக்டீரியா என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அந்த பாக்டீரியாக்கள் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலின் பி.எச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) சாதாரணமாக 6.7 அளவில் இருக்கும். புளிப்பு ஏறி அது 4.6 பக்கம் வரும்போது, அதுவரை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த கேசீன் புரதத் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்வதுதான் தயிர். உயிர் இல்லாமல் அமிலம் மட்டுமே இதைச் செய்யுமா என்று கேட்டால், கொதிக்கிற பாலில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். ஒரு நிமிடத்தில் பால் திரிந்து பன்னீர் பிரிந்து நிற்கும். ராத்திரி முழுக்க பாக்டீரியா மெதுவாகச் செய்ததை எலுமிச்சை ஒரே அடியில் செய்கிறது. அவசரத்தில் செய்த வலை இப்படிக் கட்டி கட்டியாகத்தான் வரும்.

உறை இல்லாத நாளில் பாட்டிமார் மிளகாய்க் காம்பைப் போட்டுப் பால் உறையவைப்பார்கள். அதையும் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான், அந்தக் கிண்ணத்தைச் சாப்பிட வேண்டாம். காம்பு போடாத கிண்ணத்தைப் பக்கத்தில் வைக்க மறந்துவிட்டால் பார்த்ததற்கும் அர்த்தம் இல்லை.

இனி இட்லி மாவு. உலகத்தில் எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு நம்பகமாக ஓர் உயிரியல் சோதனை கிடைக்காது என்பது என் தீர்மானமான கருத்து. வேண்டியது நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடி பாட்டில்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி. எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ளே நடப்பது தெரியாது. அரைத்த மாவை 5 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, மாவின் மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் போட வேண்டும். மூடியை இறுக்கிவிடக் கூடாது, சும்மா மேலே வைத்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் அலுத்துப்போவது அந்த நேரத்தில்தான். பிறகு பாட்டிலின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் தெரியும். அதன்பின் விறுவிறுவென்று ஏறும். சென்னை மே மாதத்தில் கண்ணுக்கு முன்னாலேயே ஏறுவதுபோல இருக்கும். ஊட்டியில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஒரு கட்டத்தில் நின்று, விட்டுவிட்டால் மெல்ல அமுங்கவும் செய்யும். எழுதிய எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்து இணைத்தால், கீழே படுத்து, நடுவில் நிமிர்ந்து, மேலே மறுபடி படுக்கும் ஒரு கோடு வரும். கோடு அளப்பது மாவின் உயரத்தைத்தான் என்றாலும், இரை தீரும்வரையோ சூழல் கெடும்வரையோ பெருகுகிற எந்த உயிர்க்கூட்டத்தின் வரைபடமும் ஏறக்குறைய இதே வடிவம்தான். மேல்நிலை வகுப்பில் வரும் பாடத்தை நம் பிள்ளை ரப்பர் பேண்டை வைத்தே வரைந்துவிட்டது.

உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்பது ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம்தான். இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று 1965இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தே வெளிவிடுகிறது. மாவு புளிப்பதும் பொங்குவதும் கூடவே நடப்பது அதனால்தான். பின்னால் வேறு பாக்டீரியாக்களும் சேர்ந்து புளிப்பைக் கூட்டுகின்றன.

ஆனால் வாயு உண்டானால் மட்டும் மாவு பொங்கிவிடாது. அதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டும். ஒரு பாட்டிலில் அரிசி மாவு மட்டும், இன்னொன்றில் உளுந்து மாவு மட்டும், மூன்றாவதில் இரண்டும் கலந்தது என்று வைத்துப் பாருங்கள். அரிசி மாவு அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். உளுந்தின் புரதமும் அதன் வழவழப்புக்குக் காரணமான பசைப்பொருட்களும் சேர்ந்து குமிழியைச் சுற்றி இழுபடக்கூடிய சுவரைக் கட்டுகின்றன. அரிசியில் அந்த வழவழப்பு இல்லை. "உளுந்து நல்லா இல்ல, இட்லி கல்லு மாதிரி வந்துடுச்சு" என்று வீட்டில் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, சரியான காரண விளக்கம். பழைய உளுந்து ஒரு பாட்டில், புது உளுந்து ஒரு பாட்டில் என்று அதையும் பார்க்கலாம். உப்பு போட்டது, போடாதது, ஒரு மடங்கு அதிகம் போட்டது என்று இன்னொரு நாள். ஒரு நாளில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தோன்றும். அப்படி ஒருமுறை செய்யவிட்டு, மறுநாள் எதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாமல் முழிக்கவிடுவதில் தப்பில்லை.

கடைசியில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஓர் இட்லி. எந்தக் குழியில் எது என்று எழுதிவைத்துக்கொண்டு வேகவைத்து, சாப்பிடுகிறவருக்கு எது எது என்று சொல்லாமல் கொடுத்து, புளிப்புக்கும் மென்மைக்கும் மார்க் போடச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நாக்கு பொய் சொல்லும்.

கைராசி என்று ஒன்று சொல்வார்கள். சிலர் கை வைத்துக் கலந்தால்தான் மாவு பொங்கும் என்று. கையால் கலந்த பாட்டில் ஒன்று, கரண்டியால் கலந்தது ஒன்று. எங்கள் வீட்டில் இதைச் செய்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நிறச் சோதனைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை, சீக்கிரம் முடிந்துவிடும். ஆரத்தித் தட்டில் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு. அவ்வளவுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவும், காரத்தில் செம்பழுப்பாகவும் மாறும் இயல்பான நிறங்காட்டி. லிட்மஸ் தாள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே வாசலில் நின்று மணமக்களுக்குச் சுற்றியிருக்கிறோம். ஆனால் சுண்ணாம்பு பிள்ளைகள் கையில் தர வேண்டிய பொருள் இல்லை. கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும். பெரியவர் கரைத்துக் காட்டட்டும், பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும்.

சாப்பிடும் பதிப்புக்கு ஆப்பசோடா போதும். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாலே ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். அதில் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக்கொண்டு மறுபடி மஞ்சள். சோடா சரியாகக் கரையாத பஜ்ஜி மாவில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிவதும் இதனால்தான். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு வடிகட்டினால் நீல நிறத்தில் ஒரு பானம். எலுமிச்சை விழுந்ததும் ஊதா. தேன் கலந்தால் குடிக்கலாம் (ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கைக்குத் தேன் கூடாது). எலுமிச்சை, புளித்தண்ணீர், மோர், ஆப்பசோடா என்று வரிசையாகச் சின்ன தம்ளர்களில் ஊற்றி, எதுவும் சேர்க்காத சங்குப்பூத் தண்ணீர் ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த நிறத்திலிருந்து மாறியது என்பதே அரை மணியில் மறந்துபோகும்.

சர்க்கரைப் பாகில் நாங்கள் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டோம். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிநிலையில் அதே தண்ணீரில் 480 கிராமுக்கு மேல் கரையும். சூட்டில் நிறையக் கரைத்து ஆறவிட்டால், அதிகப்படியான சர்க்கரைக்கு இருக்க இடம் இல்லை. சர்க்கரை ஒட்டிய நூல் ஒன்றைத் தொங்கவிட்டால் அதில் போய் அடுக்கடுக்காக உட்காரும். அதுதான் கற்கண்டு. நாங்கள் பேராசையில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்தோம். இரண்டாம் நாள் நூல், குச்சி, பாகு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. பாட்டிலை உடைக்காமல் எடுக்க வெந்நீர் ஊற்றி ஒரு நாள் காத்திருந்தோம். எறும்புகளுக்குத் திருவிழா.

அந்தத் தோல்வியால்தான் பனங்கற்கண்டு பற்றி யோசிக்க நேர்ந்தது. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அது இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேதியியலில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அமிலம் சேர்ந்து சூடேறினால் சுக்ரோஸ், அதாவது நம் சாதாரண சர்க்கரை, உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகிறது. இவை கலந்த பாகு லேசில் படிகமாகாது. புளிப்பேறிய பதநீரைக் காய்ச்சினால் நல்ல படிகம் கிடைக்காமல் போவது இதனால்தான். குலாப் ஜாமூன் பாகு கற்கண்டு கட்டாமல் இருக்க அதில் எலுமிச்சை பிழிவதும் இதே வேதியியல்தான், நோக்கம் மட்டும் நேர் எதிர். ஒருவர் படிகம் வேண்டும் என்று அமிலத்தைத் துரத்துகிறார், ஒருவர் வேண்டாம் என்று கூப்பிடுகிறார். ஆகவே இரண்டு பாட்டில்: ஒரே பாகு, ஒன்றில் எலுமிச்சை சேர்த்துக் கொதிக்கவைத்தது, ஒன்றில் சேர்க்காதது. இரண்டையும் ஆட்டாமல் ஒரு வாரம் வைத்தால் எதில் படிகம் என்று தெரிந்துவிடும்.

கொதிக்கும் பாகு தண்ணீர் மாதிரி இல்லை என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டால் கையில் உருளும் பதம் என்கிறோமே, அந்த நேரத்தில் பாகு 112 டிகிரிக்கு மேல் இருக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்பு வேலை பெரியவருடையது.

பாப்கார்ன் பற்றிச் சுருக்கமாக. உள்ளே 14 சதவீத அளவில் ஈரம் இருக்கும், தடித்த தோல் அதை அடைத்துவைத்திருக்கும், 180 டிகிரி அளவில் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மூடியோடு சேர்த்துப் பாத்திரத்தை டிஜிட்டல் தராசில் பொரிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் பறந்துபோன ஆவியின் எடை கிடைக்கும். இரண்டாவது கிண்ணத்துக்கு, தோலை ஊசியால் குத்திய மணிகள். அவற்றில் பல வெடிக்காமல் சும்மா கருகும். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாப்கார்ன் தொண்டையில் சிக்கும், கொடுக்கக் கூடாது. ஐஸ் கட்டியில் உப்பைக் கலந்து, நடுவில் ஜிப் கவரில் பாலும் சர்க்கரையும் வைத்துக் குலுக்கும் ஐஸ்கிரீம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உப்பு போடாத இன்னொரு கவரையும் குலுக்கினால் அது குளிருமே தவிர உறையாது. உப்பால் நீரின் உறைநிலையைச் சரியான விகிதத்தில் மைனஸ் 21 டிகிரிவரை இறக்க முடியும் என்பதால் வெறுங்கையால் பிடிக்காமல் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பிடக்கூடிய அறிவியலில் எனக்கு உறுத்தலாக இருப்பது ஒன்று உண்டு. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்பதுதான் வேதியியலின் முதல் விதி. இந்த விதியை மீறியதால் வந்த பேர்பெற்ற கண்டுபிடிப்பு சாக்கரின். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருட்களில் வேலை செய்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்து, ரொட்டி தித்திக்கிறதே என்று கண்டுபிடித்தார். அது விஷமாக இருந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. சமையலறையில் சோதனையை ருசித்துப் பழகிய பிள்ளை நாளைக்கு ஆய்வகத்திலும் நாக்கை நீட்டிவிடக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு வண்ண ஸ்டிக்கர்கள். பச்சை ஒட்டியது தின்னலாம், சிவப்பு ஒட்டியது கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும். ஸ்டிக்கர் இல்லாததைத் தொடக் கூடாது. மிளகாய்க் காம்புத் தயிருக்குச் சிவப்பு. பூஞ்சை பிடிக்கவைத்த பிரட்டுக்குச் சிவப்பு, அதுவும் திறக்காத கவருக்குள். இஞ்சி சோடா மாதிரி புளிக்கவிடும் பானங்களைக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டிலே வெடிக்கும். அந்த வேலையை நான் சிறு பிள்ளைகளோடு எடுப்பதே இல்லை.

கைராசிக்கு வருகிறேன். ஒரே மாவு, ஒரே அளவு, இரண்டு பாட்டில். ஒன்றை என் அம்மா கையால் கலந்தார். இன்னொன்றை மகள் கரண்டியால் கலந்தாள். காலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். பொங்கவைக்கும் பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருவது, கை அதற்குக் கட்டாயமில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. மகளுக்கு ஒரே பெருமை. நோட்டில் "கைராசி கிடையாது" என்று பெரிதாக எழுதிப் பாட்டியிடம் நீட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"மாவை கிரைண்டரிலிருந்து வழிச்சது யாரு?"

"நீங்கதான் பாட்டி."

"கையாலதானே வழிச்சேன்? அப்புறம் அந்த கரண்டி மாவுக்கும் என் கை பட்டுதானே இருக்கு?"

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே மூன்றாவது பாட்டில் என்று எழுதினாள். கொதிநீரில் போட்டு எடுத்த கரண்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவிய மிக்ஸி ஜார், யார் கையும் படாத மாவு. இப்போது உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. அதைக் களைந்து போட்டது யார் கை என்று அம்மா இன்னும் கேட்கவில்லை.